சிறுவரின் பந்தும் பெரியவரின் கோப்பையும்

பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்பிக்கும் ஒருவர், தம் அணி வெல்ல வேண்டும் என்று ஆசைப்படுவது தவறா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு வீண் கேள்வியாகவே தோன்றும். விளையாட்டு என்று ஒன்று இருந்தால் அதில் ஜயமும் அபஜயமும் இருந்தே தீரும் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆயினும் அந்த ஜயத்திற்காக உருவத்தில் சிறிய பையனை ஆட்டம் முழுவதும் கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கலாமா, கால்பலம் மிக்க ஒருவனுக்கே பந்தைத் தள்ளிவிடும்படி மற்றப் பதின்மரையும் பழக்கலாமா, வயதைக் குறைத்து எழுதிய சான்றிதழோடு வந்து நிற்கும் மீசை அரும்பிய ஒருவனைக் கண்டும் காணாதவர் போலச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேள்வியைப் பிரித்துக் கேட்கத் தொடங்கினால், அதற்குள்ளே ஒரு தர்மசங்கடம் ஒளிந்திருப்பது புலப்படும்.

சித்தூர் மாவட்டத்தின் ஓரத்தில், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டுப் பக்கத்தை ஒட்டியிருக்கும் பாலசமுத்திரம் போன்ற எல்லைப்புறத்து ஊர்களில், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் இன்னும் கூர்மையானது. அங்கே தெருவை ஆள்பவை கிரிக்கெட்டும் கபடியுமே. கால்பந்துக்குப் பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கும் இத்தகைய ஊர்களில், பதினான்காவதாக வந்து நிற்கும் பையனுக்கு இந்த ஆண்டு இடம் இல்லை என்று உபாத்தியாயர் சொல்லிவிட்டால், அவன் அடுத்த ஆண்டு திரும்பி வரப் போவதில்லை. பெரிய நகரத்தில் ஒரு கிளப் தள்ளிய பிள்ளையை இன்னொரு கிளப் எடுத்துக்கொள்ளும்; கிராமத்தில் ஒரு மைதானமும் ஒரு டிரில் மாஸ்டரும்தான். ஆகையால் அங்கே தேர்வு என்ற பெயரில் நிகழும் சிறு விலக்கல்கூட, ஒரு பிள்ளைக்கு அந்த ஆட்டத்தின் கதவையே மூடிவிடக் கூடும்.

இவ்விஷயத்தை ஆராய்வதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. தெலுங்கு நாட்டிலேயே, ஐதராபாத்தில், பள்ளி ஆசிரியராக இருந்து கால்பந்தின் மகா உபாத்தியாயராக உயர்ந்த சையது அப்துல் ரஹீமின் வரலாறு இருக்கிறது. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்ற ஐதராபாத் நகரப் போலீஸ் அணியும், 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியும், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அணியும் அவர் கையால் உருவானவை. இவ்வளவு வெற்றி பெற்ற மனிதரை வெற்றியை வெறுத்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1962-இல் ஜகார்த்தாவில், தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் பட்டுத் தையல் போட்டிருந்த நிலையில், அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்வரிசைக்கு மாற்றி, இரண்டு ஆட்டங்களிலும் அவரைக் கொண்டே கோல் அடிக்க வைத்து, இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று வென்றவர் அவர். வளர்ந்த மனிதர்கள், நாட்டின் பெயரால், தாமே சம்மதித்து ஆடும் ஆட்டத்தில் அவர் வெற்றியை முழு மூச்சோடு நாடினார். அதில் குறை காண இடமில்லை.

அதே ரஹீம் இளைஞர்களிடம் நடந்துகொண்ட முறை வேறு. பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடும் தனித் திறமைக்கே அக்காலத்தில் மைதானத்தில் கைதட்டல் கிடைத்தது. அந்த ஓட்டத்தையே விதியால் தடைசெய்து, பந்தைத் தோழனுக்குத் தட்டிவிட்டால்தான் முன்னேற முடியும் என்ற ஏற்பாட்டோடு அவர் இளைஞருக்கான போட்டிகளை நடத்தினார். இதில் உள்ள விவேகத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வெல்லாதே என்று அவர் எந்தப் பையனுக்கும் உபதேசிக்கவில்லை, கோப்பையையும் ஒழித்துவிடவில்லை, எது கற்கப்பட வேண்டுமோ அதைக் கற்றவனே வெல்லக்கூடியபடி போட்டியின் விதியை மாற்றி அமைத்தார். கற்றலும் வெற்றியும் இயற்கையிலேயே பகையானவை என்ற எண்ணம் இங்கே தளர்ந்துபோகிறது. அவை பகைத்துக்கொள்வதும் கைகோத்துக்கொள்வதும், போட்டியை அமைக்கிற பெரியவர்களின் ஏற்பாட்டைப் பொறுத்தது.

செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில், மிகுந்த வறுமையில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெறும்படி ரஹீம் அழைத்தபோது, அவ்வளவு தூரம் வந்து போகக் கையில் காசில்லை என்று அந்த இளைஞர் தயங்கினார் என்றும், வாடகைச் சைக்கிளுக்கு ரஹீமே ஒரு ரூபாய் கொடுத்து வரவழைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. பலராம் பின்னர் மெல்போர்னிலும், 1960-இல் ரோமிலும், 1962-இல் ஜகார்த்தாவிலும் இந்தியாவுக்காக ஆடினார். அந்த ஒரு ரூபாயை முதலீடு என்று கணக்கெழுதுவது எளிது. பலன் தெரிந்த பிறகு எல்லாத் தர்மமும் லாபமாகவே தெரியும். பலராம் பெரிய வீரராகாமல் போயிருந்தாலும் அந்த ரூபாய் கொடுத்தது நியாயம்தானா என்று கேட்பதே சரியான பரீட்சை. நியாயம்தான் என்று எவர் மனம் ஒப்புகிறதோ, அவரே சிறுவர்களுக்குக் கற்பிக்கத் தகுந்தவர்.

அதே செகந்திராபாத்தில் வளர்ந்த இன்னொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். 1953-இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக முதலில் அவர் ஆடியது முன்வரிசையின் நடுவில். கோல்கீப்பராக மாறியது பிறகுதான். ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர்களுள் ஒருவர் என்று பெயர் பெற்றவர், கோல் அடிப்பவராக ஆட்டத்தைத் தொடங்கினார் என்பது, இன்று பத்து வயதுப் பிள்ளையை உயரம் பார்த்துக் கோல் கம்பத்தடியில் நிறுத்தி, இனி உன் இடம் இதுவே என்று விதித்துவிடும் பயிற்றுநர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. எதிராளியின் முன்வரிசைக்காரன் எப்போது உதைப்பான் என்பதைத் தாமே அவ்விடத்தில் நின்று கற்றது பின்னால் தங்கராஜுக்குக் கைகொடுத்திருக்கும் என்று ஊகிப்பதில் பிழையில்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தை வெல்ல வேண்டியவருக்கோ, பிள்ளைகளை இடம் மாற்றி மாற்றி ஆடவிட்டுப் பார்க்க அவகாசம் இல்லை.

வெற்றியே முதலில் வேண்டும் என்னும் எதிர்த்தரப்பின் வாதத்தைப் பலவீனமாக்கிச் சொல்லிவிட்டு அதை வெல்வது நேர்மையாகாது. அந்த வாதம் உண்மையில் பலமானது, சோற்றைப் பற்றியது. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் போலீசும் கல்லூரிகளும் விளையாட்டுச் சான்றிதழைப் பார்த்துச் சேர்க்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தால் ஒரு மாநிலத்தின் ஒதுக்கீடு, அந்தப் பக்கம் பிறந்தால் இன்னொன்று. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எல்லை எந்த வயலின் வரப்பில் ஓடிற்று என்பதுகூட இன்று ஒரு பையனின் உத்தியோகக் கனவில் வந்து நிற்கிறது. சான்றிதழோ ஆடியவனுக்கெல்லாம் ஒரே மதிப்போடு கிடைப்பதில்லை. மாவட்டத்தில் வென்றவன் மாநிலத்துக்குப் போகிறான், மாநிலத்தில் தேர்ந்தவன் தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போகிறான், மேலே ஏற ஏறத்தான் அந்தக் காகிதத்துக்குக் கனம் கூடுகிறது. கூலிக்காரரின் பிள்ளைக்கு நான் அழகாகப் பந்து தட்டக் கற்றுக்கொடுத்தேன், ஆனால் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம் என்று ஓர் உபாத்தியாயர் சொன்னால், பாராட்டை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்? வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்குத்தான் தோல்வி ஒரு பாடமாக இருக்க முடியும் என்று யாரேனும் கசப்போடு சொன்னால், அந்தக் கசப்பில் நியாயம் இல்லையென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் ஒன்றை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. சான்றிதழ் பெறும் ஏழைப் பையனை அவர்கள் காட்டுகிறார்கள். அவனுக்கு இடம் கொடுப்பதற்காகப் பெஞ்சில் இருத்தப்பட்டவனும் ஏழைப் பையன்தான் என்பதைக் காட்டுவதில்லை. வயதைக் குறைத்துக் காட்டிய பதினேழு வயதுக்காரன் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடும்போது, அவனால் தோற்ற எதிரணியின் பதினோரு பேரும், அவனால் இடமிழந்த சொந்த ஊர்ப் பையன் ஒருவனும் அந்த வெற்றியின் விலையைக் கொடுக்கிறார்கள். வறுமையை முன்னிட்டுச் செய்யும் அநீதி, பெரும்பாலும் இன்னும் வறியவன் தலையிலேயே போய் இறங்குகிறது.

வயது விஷயத்தில் கிராமத்தின் நிலை விசித்திரமானது. பள்ளியில் சேர்க்க வந்த நாளில் பெற்றோருக்குப் பிறந்த தேதி தெரியாமல், சேர்க்கைக்குத் தோதாக ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தது. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆயினும் அப்படி எளிதில் எழுதப்பட்ட தேதி, எளிதில் மாற்றியும் எழுதப்பட்டது. இதனால்தான் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இளையோர் போட்டிகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியை அளக்கும் முறையைக் கைக்கொண்டது. உலகச் சம்மேளனமும் 2009-ஆம் ஆண்டின் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை ஸ்கேன் செய்து பார்க்கும் சோதனையைப் புகுத்தியது. பொய்யைப் பிடிக்க எலும்பைப் படம் எடுக்கவேண்டி வந்ததே என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். இந்த வெட்கம் பிள்ளைகளுடையதன்று. பதினாறு வயதுப் பையன் தன் சான்றிதழைத் தானே திருத்திக்கொண்டு வருவதில்லை.

பொய்யே இல்லாத இடத்திலும் ஒரு பட்சபாதம் நுழைந்துவிடுகிறது. ஜனவரி முதல் தேதியை எல்லையாக வைத்து வயதைப் பிரித்தால், ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகுப்பில் சேருகிறார்கள். பன்னிரண்டாம் வயதில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி என்பது தோளளவும் ஓட்டவேகமும் மாறிப்போகும் அளவு. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை 1980-களில் ஆராய்ந்தபோது ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பிறகு கால்பந்திலும் அதுவே பல நாடுகளில் காணப்பட்டது. தேர்வாளர்கள் திறமையைத் தேர்ந்ததாக நினைத்துப் பிறந்த மாதத்தைத் தேர்ந்திருந்தார்கள். உடனே வெல்ல வேண்டும் என்ற அவசரம் உள்ளவருக்கு இந்த மயக்கம் தெளிவதே இல்லை, ஏனெனில் பெரிய உடம்பு இன்றைய ஆட்டத்தில் உண்மையாகவே வெல்கிறது. வளர்ச்சிக்கான ஊசி மருந்து தேவைப்பட்ட பதின்மூன்று வயதுக் குட்டைப் பையன் லியோனல் மெஸ்ஸியை 2000-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட பார்சிலோனாவைப் பலரும் புகழ்கிறார்கள்; தம் ஊரில் அதே அளவுள்ள பையனை அவர்களே பந்து பொறுக்கிப் போட வைக்கிறார்கள்.

இந்தக் கேட்டுக்கெல்லாம் மருந்து வெற்றியையே நீக்கிவிடுவதுதான் என்று நார்வே நாட்டின் விளையாட்டுச் சம்மேளனம் ஓரளவுக்குத் தீர்மானித்தது. 2007-இல் அது வகுத்த விதிகளின்படி, பதினோரு வயது ஆகும்வரை பிள்ளைகளின் போட்டி முடிவுகளையோ தரவரிசையையோ வெளியிடக் கூடாது. தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி பதின்மூன்று வயது முதலே. அந்த நாடு 2018-இன் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும், 2022-இல் 16 தங்கமும் பெற்றதைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. பனியும் செல்வமும் நிறைந்த நாட்டின் பதக்கங்களை ஒரு விதியின் பலனாக மட்டும் கூறுவது அவசரம். அந்த விதியின் நியாயம் பதக்கங்களில் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் தோல்வி ஊரார் படிக்கும் பட்டியலாக வேண்டிய அவசியமில்லை என்பதிலேயே இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு மேல் இந்த மருந்து செல்லாது. முடிவைக் கருதாமல் செயல் புரிவது ஞானிகளுக்கு உரியதாக இருக்கலாம். கோல் விழுந்ததா இல்லையா என்று கருதாமல் பந்தாடும் சிறுவன் ஆட்டத்தையே ஆடவில்லை. வெல்ல ஆசைப்படுவது அவனுக்கு உரிமை. அந்த ஆசை பெரியவரின் தேவையாக மாறும்போதுதான் கேடு தொடங்குகிறது. ஏனென்றால் பையன் தோற்றால் அழுதுவிட்டு மறுநாள் ஆட வருவான், மாற்றல் உத்தரவுக்கும் தலைமையாசிரியரின் பார்வைக்கும் அஞ்சும் பெரியவரால் அது முடிவதில்லை.

வெற்றியின் கட்டாயத்தை நீக்கிப் பார்த்த ஒரு பரிசோதனை நம் நாட்டிலேயே நடந்தது. 2017 அக்டோபரில் இந்தியா நடத்திய பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், இந்தியச் சிறுவர்கள் அமெரிக்காவிடமும் கொலம்பியாவிடமும் கானாவிடமும் தோற்றார்கள். கொலம்பியாவுக்கு எதிராகச் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரில் ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டதே அவர்களின் ஒரே கோல். அந்தச் சிறுவர்கள் பலரைக் கொண்டு இந்தியன் ஏரோஸ் என்ற அணியை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் புதுப்பித்து, கிளப்புகளின் ஐ-லீக் போட்டியில் பெரியவர்களோடு ஆடவிட்டது. கடைசி இடத்தில் முடித்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதில்லை என்று அதற்குச் சலுகையும் அளித்தது. முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை அது 3-0 என்று வென்றது. 2017-18 பருவம் முடிந்தபோது பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. ஜீக்சன் சிங்கும் சுரேஷ் வாங்ஜமும் அன்வர் அலியும் அந்த வழியாகவே இந்தியாவின் மூத்தோர் அணிக்கு வந்தார்கள்.

பயன் விளைந்தது என்று கூறி இதை முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பருவத்தில் ஒன்பதாம் இடம் பெற்ற கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியே, தனக்குக் கீழே ஓர் அணி இருந்தும், இறங்க வேண்டியதாயிற்று. பிறகு அது மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது வேறு கதை. ஒருவனைக் கற்க விடுவதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். கற்றலின் பக்கம் நிற்பவர்கள் தங்கள் பக்கத்தில் செலவே இல்லை என்று பேசுவது சரியாகாது. அந்தச் செலவு சிறுவர்கள் தலையில் விழாமல் கிளப்புகளும் சம்மேளனமும் ஏற்றதே இந்த ஏற்பாட்டின் நியாயம். ஏரோஸ் 2022-இல் கலைக்கப்பட்டது.

பள்ளிப் போட்டிகளில் செலவு சிறுவர் தலையிலேயே விழுவதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. மண்டல, மாவட்டப் பந்தயங்களில் பல தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கின்றன. பதினாறு பள்ளிகள் வந்தால் எட்டுப் பள்ளிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு வீடு திரும்புகின்றன. மாதக்கணக்கில் பழகியதற்கு மொத்தப் பலன் ஐம்பது அறுபது நிமிஷம். வென்றால்தான் மறுபடியும் ஆடலாம் என்று இருக்கும்போது எந்த உபாத்தியாயர் பதினான்காவது பையனை இறக்குவார்? நான்கு நான்கு பள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றும் மூன்று ஆட்டம் ஆடும்படி வைத்தால் மைதானமும் நடுவரும் இரண்டு நாள் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2018-இல் சம்மேளனம் தொடங்கிய கோல்டன் பேபி லீக் இந்த வழியில் போக முயன்றது. பள்ளிக்கல்வித் துறைகள் அதைப் பின்பற்றாததற்குப் பணத்தைவிடச் சோம்பலே காரணமென்று தோன்றுகிறது.

இவ்வளவு ஏற்பாடுகளும் வந்தாலும், கடைசியில் ஒரு கடினமான நிமிஷம் மிஞ்சும். மாவட்ட இறுதி ஆட்டம். ஒரு கோல் முன்னிலை. பத்து நிமிஷம் பாக்கி. பந்தயம் முழுவதும் ஆடாத பையன் ஒருவன் ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டியபடி பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கிறான். அவனை இறக்கினால் சமன் ஆகலாம், மற்றப் பதின்மூன்று பேரின் சான்றிதழ் போகலாம். அவனை இறக்குவேன் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தால் இறக்கியே ஆகவேண்டும். வாக்கைவிடக் கோப்பை பெரிது என்று பதின்மூன்று வயதில் கற்ற பாடம் அந்தப் பதின்மூன்று பேரையும் விட்டுப் போகாது. வாக்கே கொடுக்காதிருந்தால், அந்த நிமிஷத்தில் எதைச் செய்தாலும் ஒருவருக்கு அநியாயம்தான். திடீரென்று தோன்றும் கருணையில் மற்றவர்களின் உழைப்பைப் பணயம் வைக்கவும் அவருக்கு உரிமை கிடையாது. அதனால் இந்தப் பேச்சு, கோடை விடுமுறை கழிந்து ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும், யாருடைய கால் பலமானது என்று தெரிய வருவதற்கு முன்பே, பதினான்கு பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் மைதானத்து மரத்தடியில் உட்கார வைத்துப் பேசி முடிக்க வேண்டியது: யார் எத்தனை நிமிஷம் ஆடுவார்கள், எந்தச் சுற்றுவரை அந்த முறை நிற்கும், இறுதி ஆட்டத்தில் என்ன செய்யப்படும் என்று. சில பெற்றோர் ஒப்ப மாட்டார்கள். தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவோம் என்றும் சொல்லக் கூடும். அப்படி நேர்ந்தால் மிச்சமுள்ளவர்களைக் கொண்டு ஆட வேண்டியதுதான்.